அவள் அவளே என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது

சங்கம் என்று ஒன்று வருவதற்கு முன்னமே நாங்கள் கூடித்தான் இருந்தோம். களுதாவளைப் பிள்ளையாருக்குப் பொங்கல் என்றால் கூடுவோம், ஒரு பிள்ளை சாமத்தியப்பட்டால் கூடுவோம், செத்த வீட்டுக்குக் கூடுவோம். யார் தண்ணீர் அள்ளுவது, யார் தேங்காய் துருவுவது என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பின்னேரம் மட்டக்களப்பு டவுனிலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் பஸ்ஸில் வந்து இறங்கினார். பள்ளிக்கூட மண்டபத்தில் எங்களையெல்லாம் வாங்குப் பலகைகளில் இருத்திவைத்து, அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்றை வாசித்தார். நாங்கள் இதுவரை கூடியதெல்லாம் கூட்டமே அல்ல, இனிமேல்தான் கூடப் போகிறோம் என்பது அதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர் குருக்கள்மடத்தைத் தாண்டிப் போகிற வழியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கிற ஒடுங்கிய மணல் ஊர். மழை தொடங்கினால் ஆண்கள் தோணியேறி அக்கரைக்கு வெள்ளாமைக்குப் போய்விடுவார்கள். வயல் வட்டையிலேயே குடிசையாக ஒரு வாடி போட்டு, கிழமைக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுவார்கள். ஊரில் மிச்சம் பெண்கள்தான். மாதர் சங்கத்துக்கு இதைவிட வாய்ப்பான ஊர் கிடைக்காது என்று அந்த உத்தியோகத்தர் நினைத்திருக்க வேண்டும். அவரை நாங்கள் 'மிஸ்' என்றே கூப்பிட்டோம்.

புத்தகத்தின்படி ஒரு சங்கத்துக்குத் தலைவி வேண்டும், காரியதரிசி வேண்டும், நிகழ்ச்சி நிரல் வேண்டும். ஒருத்தி ஒன்றைச் சொன்னால் அது வெறும் பேச்சல்ல, பிரேரணை. இன்னொருத்தி 'ஓம்' என்றால் அது ஓம் அல்ல, ஆமோதிப்பு. தலைவியாக என் பெரியம்மாவைத் தெரிவு செய்தோம். அவருடைய தொண்டைக்கு மேலால் யாரும் பேசிவிட முடியாது என்பதுதான் தகுதி. காரியதரிசியாக என்னைப் போட்டார்கள். நான் எஸ்.எஸ்.சி. எழுதிப் பெயிலானவள். பெயிலானால் என்ன, எழுதியவள் எழுதியவள்தானே!

கூட்ட அறிக்கை எப்படி எழுத வேண்டும் என்று மிஸ் ஒரு மாதிரியைத் தந்துவிட்டுப் போனார். அதைப் பார்த்து நான் முதன்முதலாக எழுதியது கிடாரச் சண்டையைப் பற்றி. கலியாண வீடுகளுக்குக் கொடுத்து வாங்குவதற்கென்று சங்கத்துக்குச் சோறாக்குகிற பெரிய கிடாரம் ஒன்று இருந்தது. அது ஒரு கலியாணத்துக்குப் போய், வயிறு நெளிந்து திரும்பி வந்தது. அன்றைக்கு மண்டபத்தில் நடந்ததைச் சொன்னால் வெட்கம்.

"உன்ட மகள்ட கலியாணத்துக்கு முதல் அது நல்லாத்தானே கா இருந்த?"

"ஓ! நாங்க சோறாக்கினா நெளியும், நீங்க ஆக்கினா நெளியாதாக்கும். பெரிய ஆக்கள்!"

ஒருத்தி கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். மற்றவள் வாங்கைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். பெரியம்மா மேசையில் அடித்த அடியில் என் மைப்போத்தல் கவிழ்ந்தது. வீட்டுக்கு வந்து, மாதிரியைப் பார்த்துப் பார்த்து நான் இப்படி எழுதினேன்: 'சங்கத்துக்குச் சொந்தமான கிடாரத்தின் நிலை குறித்து நீண்ட நேரம் கலந்துரையாடப்பட்டது. அதனைத் திருத்துவிப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' எழுதிவிட்டு எனக்கே கோபம் வந்தது. இதில் ஆளே இல்லையே! கத்தினவளும் இல்லை, அழுதவளும் இல்லை, மை கொட்டிப் பாழாய்ப்போன என் சீலையும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அதை வாசித்தேன். சண்டை பிடித்த இரண்டு பேரும் முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். 'ஏகமனதாக' என்ற இடம் வந்ததும் ஒருத்தி மெல்லக் கிறுகி மற்றவளைப் பார்த்தாள்.

"நாம கலந்துரையாடித்தான் இருக்கிறம் போல கா," என்றாள்.

மற்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அது முடிந்தது. நடந்தது ஒன்று, எழுதியது ஒன்று. ஆனால் வாசித்துக் காட்டிய பிறகு, எழுதியதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களை எங்களைவிடக் கொஞ்சம் நல்லவர்களாக எழுதி வைத்திருந்தது, நாங்களும் அதற்கு ஏற்றபடி நடந்து பார்த்தோம்.

கூட்டத்தில் வாயே திறக்காத ஒருத்தி இருந்தாள். எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் என் கையைப் பிடித்து, "நான் சொன்னதெண்டு இதையும் எழுதிவிடு புள்ள," என்பாள். எழுதிவிடுவேன். அடுத்த கூட்டத்தில் தான் சொல்லாததைத் தானே கேட்டு, பெருமையாகத் தலையாட்டுவாள். அப்படிக் கேட்டுக் கேட்டோ என்னவோ, ஒருநாள் உண்மையாகவே எழும்பி, பள்ளிக்கூடக் கிணற்றுக்குக் கயிறு வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு வியர்த்துக் கொட்டி, பக்கத்தில் இருந்தவளின் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எங்களுக்கெல்லாம் அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அந்தப் பாஷை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. என் புருஷன் நாவற்குடாக்காரர், கலியாணம் முடித்து எங்கள் வீட்டோடு வந்து இருந்தவர். "இண்டைக்கு மரக்கறி எண்டு பிரேரிக்கிறன்," என்று குசினிக்குள் இருந்து சொல்வேன். "எதிர்த்து ஒரு வோட்டு," என்று முற்றத்தில் இருந்து சத்தம் வரும். நல்ல மனிதர். ஆனால் அவருடைய பெயர்தான் எனக்கு மண்டபத்தில் வினையாக வந்தது.

மிஸ் தந்த பெயர் இடாப்பில், கலியாணமானவர்களுக்கு 'திருமதி' என்று போட்டுப் புருஷனின் பெயரை எழுத வேண்டும். கூட்டம் தொடங்குமுன் காரியதரிசி அதை உரத்து வாசிக்க வேண்டும், ஒவ்வொருத்தியும் 'வந்தன்' சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் புருஷனின் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். புருஷனுக்குச் சாமியின் பெயர் என்றால், கோயிலில் நின்றும் அந்தச் சாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். நான் மற்றவர்களின் புருஷன்மாரையெல்லாம் கணீரென்று வாசித்துக்கொண்டு வந்து, என் வரியில் வந்து நின்றுவிட்டேன்.

"வாசி கா! என்ன, எழுத்து அழிஞ்சு போச்சா?" என்றார் பெரியம்மா.

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகம் கொதித்தது. அப்போது பின் வாங்கில் இருந்து ஒருத்தி எழும்பி, என் புருஷனின் பெயரை, முன்னால் திருமதியும் போட்டு, அழகாகச் சொன்னாள். நான் 'வந்தன்' என்றேன். அன்றிலிருந்து எல்லாக் கூட்டத்திலும் அந்த ஒரு வரியை அவள்தான் சொன்னாள்.

அவள் என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள். அந்த முறையில் என் புருஷன் அவளுக்கு அண்ணன், பெயரைச் சொல்லலாம். நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். சின்ன வயதிலேயே ஊசி அவள் கை சொன்னபடி கேட்கும். காத்தான்குடிக் கடைக்காரர் ஒருவர் துணி வெட்டி அனுப்புவார். அவள் மெசின் இல்லாமல், கையாலேயே சட்டை தைத்துக் கொடுத்து மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய புருஷன் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்கென்று போனவன். கொஞ்சக் காலம் காசு வந்தது. பிறகு வெறும் கடிதம் வந்தது. பிறகு, அவனுக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்ற கதை வந்தது. அவள் அழுததை நான் காணவில்லை. அழாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் வரியை அவள் சொல்வாள், அவள் வரியை நான் வாசிக்க வேண்டும். 'திருமதி' என்று தொடங்கி அந்த மனிதனின் பெயரை நான் சொல்ல, அவள் தலையைக் குனிந்துகொண்டு 'வந்தன்' என்பாள். வாசிக்காமல் விடலாம் என்றால், அவள் கூட்டத்துக்கு வராதவள் ஆகிவிடுவாள். அவனுடைய தாயும் அதே சங்கத்தில்தான் இருந்தார். மகன் செய்த வேலைக்கு வெட்கப்பட்டு, மருமகள் இருக்கிற பக்கத்தை விட்டு எதிர்ப்பக்க வாங்கில் போய் இருப்பார். அவர்கள் இருவரும் கதைத்துக் கனகாலமாகியிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மிஸ் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஊரில் தையல் வகுப்புத் தொடங்கப் போகிறார்களாம். மெசின்கள் வருமாம். சங்கம் ஒருத்தியைத் தெரிவு செய்து அனுப்பினால், டவுனில் வைத்துப் பழக்கி, அவளையே ரீச்சராகப் போடுவார்களாம். மாதச் சம்பளம். மிஸ் சொல்லி முடிக்கவில்லை, எல்லாத் தலையும் பின் வாங்குப் பக்கம் திரும்பிவிட்டது.

அன்றைக்கே விண்ணப்பத் தாளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தாளின் அடியில் ஒரு வரி இருந்தது: கலியாணமானவர் என்றால் கணவரின் சம்மதக் கையெழுத்து, கணவர் காலமாகிவிட்டால் பாதுகாவலரின் கையெழுத்து. வீட்டோடு இருக்கிற புருஷனுக்கு அதில் இடம் இருந்தது, செத்துப்போன புருஷனுக்கும் இடம் இருந்தது. விட்டுவிட்டுப் போனவனைப் பற்றி அந்தத் தாள் எழுதியவர்கள் கேள்விப்பட்டதே இல்லைப் போலும்.

"அந்தாளுக்கு எழுதிக் கேட்டுப் பாப்பமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அந்தாள்ட கையெழுத்துக்கு நான் கையேந்தணுமா? அப்பிடியெண்டா எனக்கு இந்தத் தையலே வேணா, மச்சாள்." தைத்துக்கொண்டிருந்த சட்டையைத் தூக்கிப் பாயில் எறிந்தாள். தானே போய் அதை எடுத்து மடித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "பொய் சொல்லுறன் கா. எனக்கு இது வேணும். நல்லா வேணும். பிள்ளை வளருறாள். தைச்சுத் தைச்சுக் கண்ணும் மங்குது. ஆனா அவன்ட பேருக்குக் கீழ வேணா. என்ட பேரைப் போடு."

போட்டேன். அவளுடைய தாய் வைத்த பெயர், பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கூப்பிட்ட பெயர். தாய் கண்மூடிய பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எங்கள் ஊரில் ஒருத்தி மகளாக இருப்பாள், மச்சாளாக இருப்பாள், மாமியாக இருப்பாள். பெயர் எதற்கு? நான் எழுதியதை அவள் எட்டிப் பார்த்து, விரலால் ஒருதரம் தடவினாள்.

மிஸ் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "இடாப்பில இந்தப் பேரில ஒரு அங்கத்தவரும் இல்லையே. ஆர் இது எண்டு கந்தோரில கேப்பாங்க. சம்மதமும் இல்ல." அவர் கெட்டவர் அல்லர். அவருக்கு மேலே ஓர் அரசாங்கக் கந்தோர், அந்தக் கந்தோருக்கும் ஓர் இடாப்பு. "சங்கம் என்ன தீர்மானிக்குதோ அதை எழுதித் தாங்க. நான் கொண்டுபோய்க் குடுத்துப் பாக்கிறன்," என்றார்.

விசேட பொதுக்கூட்டம் கூட்டினோம். பெரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழும்பினார்.

"இவள் இவள்தான் எண்டு ஆராவது பிரேரிங்க கா."

"இதென்ன கூத்து? இவள் இவளில்லாம பின்ன ஆராம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தாளுக்குத் தெரியாதே புள்ள. நாமதான் சொல்லணும்."

கிணற்றுக்குக் கயிறு கேட்டவள் எழும்பிப் பிரேரித்தாள். ஆமோதிக்க ஒரே நேரத்தில் நாலைந்து பேர் எழும்பிவிட்டார்கள். 'இடாப்பில் உள்ள திருமதி இன்னாரும், விண்ணப்பத்தில் கண்ட பெயருடையவரும் ஒருவரே என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன். எத்தனையோ கூட்டங்களுக்குச் சும்மா எழுதிவைத்த சொல் அது. அன்றைக்குத்தான் ஏகமனது எப்படி இருக்கும் என்று கண்ணால் கண்டேன்.

பிறகு சம்மத விஷயம் வந்தது.

"நான் இவளுக்கு மாமி முறைதானே. பாதுகாவலர் எண்டு என்ட பேரைப் போடு," என்றார் பெரியம்மா.

"பெரியம்மா, புரிசன் உசிரோட இரிக்கிறாரே எண்டு கேப்பாங்களே," என்றேன்.

அப்போது எதிர்ப்பக்க வாங்கில் இருந்து அவனுடைய தாய் எழும்பினார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல், மேசைக்கு நேரே வந்தார்.

"என்ட மகன்ட சம்மதம்தானே வேணும்? அவனைப் பெத்தவள் நான். அவனுக்காக நான் வைக்கிறன் கைநாட்டு."

"மாமி..." என்றாள் என் மச்சாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயில் இருந்து வந்தது.

"நீ சும்மா இரு மகள். அந்தப் பாழாப்போனவனைப் பெத்த பாவத்துக்கு நான் இதையாவது செய்யிறன்."

விரலை மையில் தொட்டார். நான்தான் பிடித்துப் பதியவைத்தேன். உறவுமுறை என்ற இடத்தில் 'கணவரின் தாய்' என்று எழுதப் போனேன். "இல்ல புள்ள, மாமி எண்டு எழுது," என்றார். எழுதினேன். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து அந்த வரிக்குக் கீழே கையெழுத்து வைத்தார்கள், தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். பக்கத்தில் நான் உறவை எழுதினேன்: மாமி, சின்னம்மா, அக்கா, மச்சாள், பெரியம்மா. தாளின் அடி முடிந்து மறுபக்கமும் போனது. எனக்குக் கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை. அவள் பின் வாங்கில், மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுததை அன்றைக்குத்தான் கண்டேன்.

மிஸ் அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இப்பிடி ஒரு சம்மதத்தைக் கந்தோரில ஒருத்தரும் கண்டிருக்க மாட்டாங்க," என்று சிரித்துவிட்டு, லேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எடுபடுமோ என்று கேட்டோம். தெரியாது என்றார்.

மழை தொடங்கியது, ஆண்கள் அக்கரைக்குப் போனார்கள். அவள் ஒவ்வொரு நாளும் வேலிப் படலையில் நின்று தபால்காரரை மறிப்பாள். "எனக்கு ஏதும் வந்ததா அண்ணன்?" அவர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கடிதக் கட்டை ஒருதரம் புரட்டிப் பார்த்து, "இல்ல புள்ள," என்பார். அவருக்கே சொல்ல மனம் கஷ்டப்படும். பள்ளிக்கூடத்தில் மெசின்கள் வந்து இறங்கிவிட்டன. அடுத்த ஊரில் இருந்து ஒரு பிள்ளையை எடுக்கப் போகிறார்களாம் என்ற கதையும் வந்தது.

"கிடைக்காது மச்சாள். என்ட தலையில அப்பிடித்தான் எழுதியிரிக்கு போல," என்றாள் ஒருநாள்.

"தலையில எழுதினதையும் கூட்டத்தில வைச்சுத் திருத்துவம். சும்மா கிட கா," என்று பாய்ந்து விழுந்தேன். பாய்ந்தேனே தவிர, எனக்கும் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது.

அடுத்த கூட்டத்தின் நடுவில் தபால்காரர் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார்.

"தலைவி அம்மா, குழப்புறன் எண்டு நினைக்காதீங்க. நம்மட ஊர் விலாசத்துக்கு ஒரு கடிதம் ஒரு கிழமையா என்ட பையில கிடக்கு. அரசாங்கக் கடிதம். இந்தப் பேரில ஒரு ஆளையும் எனக்குத் தெரியா. இஞ்சயும் ஆள் இல்லயெண்டா நாளைக்குத் திருப்பி அனுப்பணும்."

உறையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பெயரை வாசித்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிரேரித்தவளும் ஆமோதித்தவர்களும் கைநாட்டு வைத்தவர்களும்தான்! பெரியம்மாகூட, "அப்பிடி ஒருத்தி இஞ்ச..." என்று இழுத்தார். நான் வாயெடுக்குமுன் பின் வாங்கு கிரீச்சென்றது. அவள் எழும்பி நின்றாள்.

"நான்தான் அது."

தபால்காரர் உறையை நீட்ட, நின்றபடியே பிரித்து வாசித்தாள். உதடு மட்டும் அசைந்தது. "எடுத்திட்டாங்க," என்றாள். "திங்கக்கிழமை டவுனுக்கு வரட்டாம்." பெரியம்மா தலைவி என்பதையும் மறந்து குரவை போட்டார். மண்டபமே சேர்ந்து குரவை போட்டது. மாமி ஓடிவந்து மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

தபால்காரருக்குத்தான் மனம் ஆறவில்லை. குரவை அடங்கும்வரை நின்று, கிட்ட வந்தார்.

"ஒவ்வொரு நாளும் படலையில நிண்டு கேட்ட நீதானே புள்ள? நான் உன்ட புரிசன்ட பேரைத் தேடிப் பாத்திட்டு இல்ல இல்ல எண்டு போயிருக்கிறன். கடிதம் என்ட பையிலதான் கிடந்திருக்கு. இதுதான் உன்ட பேர் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

அவள் கடிதத்தை மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"ஆரும் கேக்கல்லயே அண்ணன்," என்றாள்.